கல்லறைச் சுவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதலாமா?

எழுதியிருப்பவர் தென்மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த 62 வயதுப் பெண்மணி. கத்தோலிக்கர். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு அருகில் இருக்கும் மதுக்கடை பற்றிய முதல் கடிதம் வெளிவந்தது. ஆனால் அதிலிருந்த இரண்டு விவிலிய வசனங்களும் வெட்டப்பட்டிருந்தன. தலித் கிறித்தவர் இடஒதுக்கீடு பற்றிய இரண்டாவது கடிதமும், மதமாற்றம் குறித்த ஒரு செய்திக்குப் பதிலாக எழுதிய மூன்றாவதும் வரவில்லை. "நான் கிறித்தவள் என்பதால்தான் ஒதுக்குகிறார்கள், இது கருத்துரிமை மீறல் இல்லையா?" என்று கேட்கிறார்.

இப்போது நான்காவது கடிதம் கையில் இருக்கிறது. அவருடைய பங்கின், அதாவது அவர் சேர்ந்த கோயில் சமூகத்தின், கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய அம்மா. அந்தப் பக்கம் தலித் குடும்பங்கள், அவரிடம் படித்த ஒரு மாணவரின் அப்பா உட்பட. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கடிதம் வெளிவர வேண்டும் என்று விரும்புகிறார். பங்கை நடத்த உதவும் குழுவான பங்குப் பேரவைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "வீட்டு அழுக்கை வெளியே சொல்லாதே, மத்தேயு 18ஐப் படி" என்கிறார்கள். "நாளைக்கு உனக்கே இங்கே இடம் கிடைக்காது" என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். அரசு ஊழியரான மகன் தன் வேலையை நினைத்துப் பயப்படுகிறார். புனைபெயரில் எழுதினால் சிக்கல் இல்லை என்பது வாசகியின் எண்ணம்.

அம்மா, நான்கு கடிதங்களின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. கேள்வியை மட்டும் படித்திருந்தால் சட்டத்தை மட்டும் சொல்லி முடித்திருப்பேன்.

போடாமல் விட்டது உரிமை மீறலா?

இல்லை. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையைப் பொதுவாக அரசுக்கு எதிராகத்தான் கேட்பார்கள். தனியார் நாளிதழிடம் "என் கடிதத்தைப் போடு" என்று வற்புறுத்த அதில் வழி கிடையாது. எதைப் போடுவது, எதை விடுவது என்பது அந்த ஆசிரியரின் கருத்துரிமை.

இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு வழக்கு இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் பாலிசிதாரர்களிடம் நியாயமில்லாமல் நடந்துகொள்கிறது என்று மனுபாய் ஷா என்பவர் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். கழகத்தின் தரப்பில் ஒருவர் 'தி இந்து'வில் மறுப்பு எழுத, ஷாவின் பதிலையும் அந்த நாளிதழ் வெளியிட்டது. ஆனால் கழகம் தன்னுடைய சொந்த இதழில் தன் மறுப்பை மட்டும் போட்டுக்கொண்டு, ஷாவின் பதிலைப் போட முடியாது என்றது. 1992இல் உச்ச நீதிமன்றம் ஷாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கழகம் அரசின் அங்கம், அந்த இதழ் பொதுப்பணத்தில் நடப்பது என்பதுதான் காரணம். உங்கள் நாளிதழ் அப்படிப்பட்டதல்ல.

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளும் இதையேதான் சொல்கின்றன. வரும் கடிதங்களையெல்லாம் வெளியிட வேண்டிய கடமை ஆசிரியருக்கு இல்லை. சிலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம், சாரத்தை மட்டும் போடலாம். ஆனால் சர்ச்சைக்குரிய விஷயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டாமல் இருக்க நேர்மையாக முயல வேண்டும். வெட்டியதால் நீங்கள் சொன்னதற்கு நேர்மாறான பொருள் வந்திருந்தால் முறையிடலாம். முதலில் ஆசிரியருக்கு எழுதி, சரிவராவிட்டால் மன்றத்துக்கு. நாளிதழ் என்றால் வெளியான 2 மாதத்துக்குள். மன்றம் கண்டிக்கும், எச்சரிக்கும், அவ்வளவுதான். அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. உங்கள் மதுக்கடைக் கடிதத்தில் பொருள் மாறவில்லை. உண்மையைச் சொன்னால், வசனங்கள் போனபின் கடிதம் கூர்மையாகத்தான் இருக்கிறது. கடைக்கும் பள்ளி வாசலுக்கும் உள்ள தூரத்தை நீங்களே நடந்து அளந்து எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் அதை அச்சேற்றியிருக்கும்.

வராமல் போன இரண்டு கடிதங்கள்

மூன்றாவது கடிதத்தை விட்டுவிடுங்கள். அந்தச் செய்தி ஒருதலையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பிற மதத்தாரின் வழிபாட்டை இழுத்து நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் பாயும். 1957இலேயே உச்ச நீதிமன்றம் அப்படி விளக்கியிருக்கிறது. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை. ஆனாலும் அந்த நான்கு வரிகளை எந்த ஆசிரியரும் தொடமாட்டார். நீங்களும் ஒரு வாரம் கழித்துப் படித்தால் எழுதியிருக்கமாட்டீர்கள்.

இரண்டாவது கடிதம் வேறு ரகம். நல்ல பொருள், தகவல்தான் தவறு. "மதம் மாறிய தலித்துகளுக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று அரசியலமைப்பே சொல்கிறது" என்று தொடங்குகிறீர்கள். அரசியலமைப்பு அப்படிச் சொல்லவில்லை. 341ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்ட் 10இல் பிறப்பித்த ஆணையின் மூன்றாவது பத்திதான் பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான் இருக்கிறார்கள். "எந்த ஒதுக்கீடும் இல்லை" என்பதும் சரியில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கோரிக்கை, பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்பது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இதை ஆதரித்தது, தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது, மத்திய அரசு 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. இதில் ஏதாவது ஒன்றைச் சரியாகச் சொல்லியிருந்தாலே உங்கள் கடிதம் கவனம் பெற்றிருக்கும். தொடக்க வரியே பிழையாக இருந்தால் உதவி ஆசிரியர் இரண்டாவது வரிக்குப் போகமாட்டார். அதில் மதம் எங்கே வந்தது?

சுவரும் கறுப்புக்கொடியும்

இப்போது நான்காவது கடிதத்துக்கு வருவோம். இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகச் சிறு பங்க் கடை கொடுத்தது. சூசை ஆதிதிராவிடர்தான், ஆனால் கிறித்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. சாதியால் வரும் இழிவுகள் கிறித்தவ சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு இருக்கின்றன என்று காட்டப் போதுமான ஆதாரம் முன்னால் இல்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. உங்கள் கல்லறைத் தோட்டத்தில் அது சுவராகவே நிற்கிறது. அந்த 1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10ஐ ஒவ்வோர் ஆண்டும் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து, உங்கள் கோயில் வாசலில் கறுப்புக்கொடி கட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசிடம் "எங்களுக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது, தகுதி கொடுங்கள்" என்கிறோம். உள்ளே ஒருவர் அதையே சொன்னால் "இங்கே சாதியெல்லாம் இல்லை, வாயை மூடு" என்கிறோம். இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் சொல்ல முடியும். 'நாம்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நவம்பர் 2இல் மெழுகுவர்த்தி ஏற்றுபவன்தான் நானும்.

வீட்டு அழுக்கு என்ற பேச்சும் நிற்காது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருஅவைக்குள், அதாவது கத்தோலிக்கச் சபைக்குள், தீண்டாமை நடப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பதும் அந்த ஆவணம் சொல்லும் கணக்கு. திருச்சி மேலப்புதூரின் இதே போன்ற கல்லறைச் சுவர் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. ஆயர்கள் அச்சடித்து வெளியிட்டதை ஓர் ஆசிரியை எழுதினால் மட்டும் எப்படித் துரோகமாகும்?

மத்தேயு 18ஐப் பேரவையினர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். முதலில் தனியாகச் சொல், கேட்காவிட்டால் ஓரிருவரோடு போய்ச் சொல், அப்போதும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல் என்று அது மூன்று படி போகிறது. தவிர, அது ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தவறு பற்றியது. ஊரே பார்க்க நிற்கும் சுவருக்கு அந்தியோக்கியா நகரில் நடந்ததுதான் பொருத்தம். பிற இனத்தாரோடு உண்பதிலிருந்து பேதுரு விலகியபோது, பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கேட்டார். கலாத்தியர் 2இல் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பிலும் 212ஆம் விதி, திருஅவையின் நன்மை பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் மரியாதையோடு தெரிவிக்கும் உரிமை, சில வேளைகளில் கடமை, பொதுநிலையினருக்கு உண்டு என்கிறது.

கல்லறையில் இடம் கிடைக்காது என்ற மிரட்டலுக்கு: அடக்கத் திருச்சடங்கு யாருக்கு மறுக்கப்படலாம் என்று அதே தொகுப்பின் 1184ஆம் விதி பட்டியல் போடுகிறது. விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர்கள் போன்ற சிலர் அதில் வருகிறார்கள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவர்கள் வரவில்லை. யாரையும் விலக்கிவைக்கும் அதிகாரமும் பங்குப் பேரவைக்குக் கிடையாது.

ஆனாலும் உங்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் சுவருக்கு இந்தப் பக்கத்தவர். கடிதம் வெளிவந்தால் உங்களிடம் நான்கு பேர் முகம் கொடுக்கமாட்டார்கள். அதை நீங்கள் தாங்குவீர்கள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதே ஊரில் வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் திருமணத்துக்குக் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு ஓலை எல்லாம் இருக்கின்றன. உங்கள் மாணவரின் அப்பாவைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்களே, அவர் வீட்டில் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதற்கான தடயம் இல்லை. முதலில் போய்க் கேளுங்கள். "வேண்டாம் டீச்சர்" என்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். அவர்களே எழுத நினைத்தால் உங்கள் கடிதத்துக்கு முன்னால் அவர்களுடையது போகட்டும். உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்றால் கீழே போடுங்கள்.

வழக்கு வரக்கூடிய வரிகள்

உங்கள் வரைவில் நான் சிவப்பு மையால் கோடிட்ட இடங்கள் இவை.

பெயர் போடவில்லை, "எங்கள் பங்குப் பேரவைப் பொறுப்பாளர்கள்" என்றுதானே எழுதியிருக்கிறேன் என்கிறீர்கள். ஊர்ப் பெயர் இருக்கிறது, பொறுப்பாளர்கள் நான்கைந்து பேர். யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவதூறுக்கு அது போதும். நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, ஒரு குழுவைப் பற்றிய பழிச்சொல்லையும் அவதூறில் சேர்க்கிறது. தண்டனை 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை.

சுவர் கட்டப் பணம் கொடுத்த பெரியவரை "சாதி வெறியர்" என்கிறீர்கள். அவர் இறந்துவிட்டார், யார் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். உயிரோடு இருந்தால் பெயரைக் கெடுத்திருக்கும், குடும்பத்தாரின் மனத்தையும் புண்படுத்தும் என்றால், இறந்தவர் மீதான பழியும் அவதூறுதான். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. சுவர் இருக்கிறது என்பது தெரியும். அதை எழுதுங்கள்.

அடக்கக் கட்டணத்தில் கையாடல் என்ற பத்தியை முழுதாக நீக்குங்கள். "உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது" என்பது பரவலான நம்பிக்கை. குற்றவியல் சட்டத்தில் அது உண்மை என்றும் காட்ட வேண்டும், பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். உங்களிடம் இருப்பது ஒருவர் சொன்ன பேச்சு, ரசீது இல்லை. இதற்குச் சரியான இடம் ஆயர் இல்லம். ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது திருஅவைச் சட்டம். கணக்கைக் கேளுங்கள். மேலதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு முறையிடுவதை அவதூறுப் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. அதே வாக்கியம் ஆயர் மேசையில் முறையீடு, நாளிதழில் அவதூறு.

"இவர்களை வன்கொடுமைச் சட்டத்தில் உள்ளே தள்ள வேண்டும்" என்ற வரியும் தவறு. அந்தச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினரைக் காக்கிறது. 1950 ஆணையால் தலித் கிறித்தவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு எந்த மதத்தையும் குறிப்பிடவில்லை. 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் இடுகாட்டை மறுப்பதைத் தனியாகவே குறிப்பிட்டுத் தண்டிக்கிறது. உங்கள் சுவருக்கு அது பொருந்துமா என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதை முடிவுசெய்யும் இடம் கடிதப் பகுதி இல்லை.

புனைபெயர் கவசமாகாது. வழக்கு வந்தால் எழுதியவரோடு ஆசிரியரும் வெளியீட்டாளரும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால், உண்மையான பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் இல்லாத கடிதத்தை அவர்கள் தொடமாட்டார்கள். 'பெயர் வெளியிட வேண்டாம்' என்று கேட்கலாம். இந்தக் கடிதத்துக்கு நான் அதையும் பரிந்துரைக்கமாட்டேன். சுவரின் இந்தப் பக்கத்தவர் தன் பெயரில் எழுதுகிறார் என்பதில்தான் இதன் பலமே இருக்கிறது.

வசனத்தை எங்கே வைப்பது

"வசனம் இல்லாமல் எழுதினால் அது எப்படிக் கிறித்தவக் கடிதம்?" என்று கேட்டிருந்தீர்கள். ஏதென்சில் பேசும்போது பவுல் யூத மறைநூலை மேற்கோள் காட்டவில்லை. கிரேக்கக் கவிஞர்களின் வரியைச் சொன்னார். கேட்டவர்கள் ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்கினார். நாளிதழ் வாசகருக்கு விவிலியத்தின் எசாயா இறைவாக்கினர் சான்று ஆகமாட்டார். நீங்கள் கண்ணால் கண்டதுதான் சான்று. வசனம் வேண்டுமென்றால் ஒன்று போதும், அதுவும் உங்களை எழுதவைத்த காரணமாக வரட்டும். எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை ஒரு வரியில் நேர்மையாகச் சொல்லிவிட்டு மறுப்பது, தெரியாததை எழுதாமல் விடுவது, இவற்றில் உங்கள் விசுவாசம் தெரிந்தால் எனக்குப் போதும். பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை கடிதம் எழுதுபவருக்கும் சேர்த்துத்தான்.

நீளம் 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். உங்கள் மூன்று பக்க வரைவிலிருந்து எனக்குக் கிடைத்தது இது:

"கல்லறைத் திருநாளன்று என் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. தலித் குடும்பங்கள் அதற்கு அந்தப் பக்கம்தான் புதைக்கின்றன. ஒரே கோயிலில் திருமுழுக்குப் பெற்று, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள். பழைய வழக்கத்தைத் தொட்டால் ஊரில் அமைதி கெடும் என்கிறார்கள் பெரியவர்கள். அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆகஸ்ட் 10இல் தலித் கிறித்தவருக்கு நீதி கேட்டுக் கறுப்புக்கொடி ஏற்றும் நாம், நவம்பர் 2இல் அந்தச் சுவரைப் பார்த்தும் பேசாமல் திரும்புகிறோம். ஆயர் பேரவையே 2016இல் இதைத் தவறு என்று ஒப்புக்கொண்டது. சுவரின் இந்தப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. அதை எடுக்கச் சொல்லி நாங்கள்தான் முதலில் கேட்க வேண்டும்."

இதில் யார் பெயரும் இல்லை, யார் மனத்தையும் படித்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல முடியும். சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் தமிழ் என்னுடையதைவிட நல்ல தமிழ்.

இப்போது வரிசை. மாணவரின் குடும்பத்தைப் பார்ப்பது முதலில். அப்புறம் பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் எழுத்தில் ஒரு கடிதம், ஸ்பீடு போஸ்ட்டில், ரசீதோடு. இதுவரை வாய்ப்பேச்சில்தான் சொல்லியிருக்கிறீர்கள். பின்னால் யாராவது நல்லெண்ணத்தைக் கேள்வி கேட்டால் அந்த ரசீதுதான் பேசும். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ அக்டோபர் கடைசி வாரத்தில் நாளிதழுக்கு அனுப்புங்கள். திருநாளையொட்டிப் போனால் போடுவதற்கு ஆசிரியருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆயர் பேச அழைத்தால் போங்கள், தனியாக வேண்டாம்.

மகனிடம் சொல்லுங்கள்: 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவரைக் கட்டுப்படுத்தும், அவர் அம்மாவை அல்ல. கடிதத்தை அவருடைய மின்னஞ்சலிலிருந்தோ அலுவலகக் கணினியிலிருந்தோ அனுப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும்.